தேதிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க

2025 செப்டம்பர்ல மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டுச்சு. 2015 ஜனவரி 9ஆம் தேதி வரைக்கும் இந்தியாவுக்குள்ள வந்து, அரசாங்கத்துகிட்ட பதிவு பண்ணி தங்கியிருக்கிற இலங்கைத் தமிழ் அகதிங்க மேல, பாஸ்போர்ட் இல்ல விசா இல்லன்னு சொல்லி தண்டனை நடவடிக்கை எடுக்க மாட்டாங்களாம். டிவில இது ஓடுறப்ப எங்க வீட்டுல பெயிண்டிங் வேலை நடந்துட்டு இருந்துச்சு, வேலை பாத்துட்டு இருந்த தம்பி முகாம்காரர், சேலம் மாவட்டத்துல குருக்குப்பட்டி பவளத்தானூர்னு இலங்கைத் தமிழர் முகாம் இருக்குல்ல, அந்த மாதிரி ஒரு முகாம்ல இருந்து தினமும் வண்டியில வந்து போறவர். பிரஷ்ஷ கீழ வெச்சுட்டு நியூஸ முழுசா பாத்தார். "அப்போ குடியுரிமை குடுப்பாங்களா சார்"னு கேட்டார். இல்லப்பா, கேஸ் போட மாட்டாங்க, அவ்வளவுதான் சொல்லியிருக்குன்னேன். சரின்னு தலையாட்டிட்டு மறுபடி சீலிங் அடிக்கப் போயிட்டார்.

அதுக்கப்புறம் அந்த வாரம் பூரா அவர்கிட்ட பேசிட்டே இருந்தேன், அவர் சொன்னதையும் நான் படிச்சதையும் எங்க வீட்டுப் பெரியவங்க சொன்னதையும் சேத்து வெச்சுப் பாத்தா எனக்கு ஒண்ணு நல்லா தெரியுது. போர், குடியேற்றம், கரண்ட், எந்த விஷயமா இருந்தாலும் அரசாங்கம் தன்னோட கொள்கைய மாத்திக்கும், மாத்தவும் வேணும், ஆனா மாத்துறப்ப எங்கயோ ஒரு தேதியப் போட்டுக் கோடு கிழிக்குது, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட ஆளுங்க பழைய கொள்கையிலயே வாழ்ந்து சாகுறாங்க. நம்ம மாவட்டத்துலயே இதை எல்லாம் பாக்கலாம்.

அவரோட குடும்பக் கதையவே எடுத்துக்கோங்க. அவர் தாத்தாவோட அப்பா ஆத்தூர் பக்கத்து ஆளு. வெள்ளக்காரன் காலத்துல சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்கள்ல இருந்து கங்காணிங்க ஆள் சேத்து இலங்கைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, அதுல போனவரு. முதல்ல காபி, அப்புறம் டீ. அந்தக் கால அரசாங்கத்துக்கு வேலைக்கு ஆள் தேவை, கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டும் அவங்க ஆட்சிதான், அதனால யாரும் நீ எந்த நாட்டுக்காரன்னு கேக்கல. சுதந்திரம் கெடச்சதும் 1948ல இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டுச்சு, மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்க ஒரே சட்டத்துல எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாம போனாங்க. அப்புறம் 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க, அஞ்சேகால் லட்சம் பேர இந்தியா எடுத்துக்கும், மூணு லட்சம் பேர இலங்கை வெச்சுக்கும், மீதி ஒன்றரை லட்சம் பேரப் பத்தி பிற்பாடு பேசிக்கலாம்னு. 1974ல இந்திரா காந்தி காலத்துல அந்த ஒன்றரை லட்சத்தையும் பாதி பாதியா பிரிச்சாங்க. லட்சக்கணக்கான ஜனங்கள இப்படிப் பங்கு போட்டப்ப அந்த ஜனங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலங்கறது எனக்கு இப்ப நெனச்சாலும் கோவம் வருது.

இந்தத் தம்பி குடும்பம் அந்தக் கணக்குல வரல. விண்ணப்பம் போட்டு காகிதம் வர்றதுக்குள்ள 1977 கலவரம் வந்துடுச்சு, மலையகத்துல இருந்து கெளம்பி வவுனியா பக்கம் போயி காடு வெட்டி குடியேறினாங்க. இவர் பொறந்தது அங்கதான். 1990ல மறுபடி சண்டை ஆரம்பிச்சப்ப சின்னப் பையன், மன்னார்ல இருந்து படகு, மண்டபம் முகாம், அங்கிருந்து லாரியில ஏத்தி எந்த மாவட்டத்துக்கு அனுப்புறாங்கன்னு கூட சொல்லாம கொண்டாந்து எறக்குன எடம் சேலம் மாவட்டம். கொள்ளுத்தாத்தா பொறந்த மாவட்டத்துக்கே அகதியா வந்து சேந்திருக்கார். அவங்க பாட்டி எறங்குனதும் ஊர்ப்பேரெல்லாம் கேட்டுட்டு, இது நம்ம ஊருடான்னு அழுதாங்களாம். ஆனா ஆபீஸ் பதிவேட்டுல அவங்க வெளிநாட்டுக்காரங்க. இந்த மாதிரி மலையக வம்சாவளி ஆளுங்க நம்ம முகாம்கள்ல கணிசமா இருக்காங்க, 2019ல மதுரை ஹைகோர்ட் கிளையில 65 பேர் போட்ட வழக்குல நீதிபதி இதையேதான் சொன்னாரு, இவங்க இந்திய வம்சாவளி, குடியுரிமை கோரிக்கைய மத்திய அரசு பரிசீலிக்கணும்னு.

இப்ப போர் விஷயத்துக்கு வரேன். மேட்டூர் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போற ரோட்டுல கொளத்தூர் இருக்குல்ல, அந்தப் பக்கம்தான் 1980கள் நடுவுல விடுதலைப் புலிகளுக்குப் பயிற்சி முகாம் நடந்துச்சு. ஒளிஞ்சு மறைஞ்சு நடந்ததுன்னு நெனச்சுக்காதீங்க, ஊருக்கே தெரியும், அந்த எடத்துக்கு புலியூர்னே பேர் நிலைச்சுடுச்சு. எங்க பெரியப்பா அந்தப் பக்கம் பொண்ணு எடுத்தவரு, காலையில பசங்க வரிசையா ஓடுறதையும் ஊர்ப் பொம்பளைங்க மோரும் கம்மங்கூழும் கொண்டு போயி குடுத்ததையும் சொல்லிட்டே இருப்பார். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் இந்திரா காந்தி அரசாங்கம் உளவுத்துறை மூலமா பல தமிழ் இயக்கங்களுக்கும் பயிற்சி குடுத்துச்சு, வடக்க டேராடூன் பக்கமும் குடுத்தாங்க, தமிழ்நாட்டுலயும் நடந்துச்சு. எம்ஜிஆரும் வெளிப்படையாவே ஆதரவா இருந்தாரு. இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனே அமெரிக்கா பக்கம் சாயுறாரு, திருகோணமலை துறைமுகம் வேற யார் கைக்காவது போயிடுமோங்கற பயம் டெல்லிக்கு, இங்க தமிழ்நாட்டு மக்களோட கொதிப்பு, ரெண்டும் ஒரே பக்கம் தள்ளுச்சு.

அப்புறம் திரும்புன வேகத்தப் பாருங்க. 1986 நவம்பர்ல பெங்களூர் சார்க் மாநாடு வர்றதுக்கு முன்னாடி தமிழ்நாடு போலீஸே இயக்கங்களோட ஆயுதத்தப் பறிமுதல் பண்ணுச்சு. வயர்லெஸ் கருவிகளையும் எடுத்துக்கிட்டாங்கன்னு பிரபாகரன் சென்னையில உண்ணாவிரதம் இருந்தாரு, திருப்பிக் குடுத்தாங்க. 1987 ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானப்படை யாழ்ப்பாணத்து மேல சாப்பாட்டு மூட்டை போட்டுச்சு. ஜூலை 29 ராஜீவ் ஜெயவர்த்தனே ஒப்பந்தம், அதுப்படி இந்திய ராணுவம் அமைதிப்படையா அங்க போச்சு. அக்டோபர்ல அதே யாழ்ப்பாணத்துல இந்திய ராணுவமும் புலிகளும் சண்டை. சாப்பாடு போட்டதுக்கும் குண்டு போட்டதுக்கும் நடுவுல நாலே மாசம்! நம்ம பக்கம் ஆயிரத்துக்கு மேல சிப்பாய்ங்க செத்தாங்க, அந்த ஊர் ஜனங்க செத்ததுக்குச் சரியான கணக்கே இல்ல. 1990 மார்ச்ல படை திரும்பி வந்தப்ப முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகல. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். 1992 மே மாசம் புலிகள் இயக்கத்துக்குத் தடை.

கொளத்தூர்ல மோர் குடுத்த பொம்பளைங்க எந்த வருஷம் வரைக்கும் தேசபக்தி உள்ளவங்க, எந்த வருஷத்துல இருந்து சந்தேகத்துக்கு உரியவங்க? இதை நான் கிண்டலுக்குக் கேக்கல, நெஜமாவே அந்தப் பக்கத்துல பல வீட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்துச்சு, பெரியப்பா மாமனார் வீட்டுலயும் வந்து கேட்டாங்க. அரசாங்கம் செஞ்ச வேலைக்கு ஜனங்க பதில் சொன்னாங்க. ராஜீவ் கொலைய நான் எந்த விதத்துலயும் நியாயப்படுத்த மாட்டேன், அது பெரிய கொடுமை, அன்னிக்கு அவரோட சேந்து செத்தவங்க எல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுப் புள்ளைங்க. ஆனா அந்தக் கொலையோட பழி முழுக்க முகாம்ல இருந்த குழந்தை குட்டிங்க தலையில விழுந்துச்சு. தொண்டு நிறுவனங்கள முகாமுக்குள்ள விடல. 1992ல இருந்து ஆளுங்களத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சாங்க, அங்க சண்டை நடந்துட்டு இருக்கிறப்பவே. தம்பியோட அப்பாகிட்டயும் கையெழுத்து கேட்டாங்களாம், பாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி எப்படியோ தள்ளிப் போட்டுட்டாங்க. ரேஷன், மாசாமாசம் பணக்கொடை, செக்கிங் அன்னிக்கு முகாம்ல ஆள் இல்லன்னா பதிவு போயிடும், வெளியூர்ல ராத்திரி தங்கணும்னா அனுமதி, இதுலயே அவர் வளந்து கல்யாணமும் ஆகி இப்ப ரெண்டு புள்ளைங்க.

இனி கரண்ட். இது எங்க வீட்டுக் கதை. மேச்சேரி பக்கம் எங்களுக்குக் கெணத்துத் தோட்டம். மேட்டூர் டேம் பவர்ஹவுஸ் 1937ல ஓட ஆரம்பிச்சுச்சு, காவிரியில தண்ணி விட்டாதான் கரண்ட். அப்புறம் 1960கள்ல சுரங்க மின்நிலையம், 1980கள் கடைசியில அனல் மின்நிலையம் வந்துச்சு. நாலு யூனிட் சேத்து 840 மெகாவாட், பிற்பாடு 600 மெகாவாட்ல இன்னொண்ணு. தண்ணிய நம்பி இருந்த ஊரு ஒடிசா நிலக்கரிய நம்ப ஆரம்பிச்சுச்சு. அந்தச் சாம்பல் பக்கத்து ஊர்க் கூரை மேலயும் துணி மேலயும் படியுறது தனியா எழுத வேண்டிய விஷயம்.

விவசாயக் கரண்டுக்கு இந்த மாவட்டம் ரத்தம் சிந்தியிருக்கு. 1970கள்ல நாராயணசாமி நாயுடு தலைமையில கட்டண உயர்வ எதிர்த்து நடந்த போராட்டத்துல பெத்தநாயக்கன்பாளையத்துல துப்பாக்கிச்சூடு நடந்து விவசாயிங்க செத்தாங்க. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு படியா எறங்கி வந்தாங்க, 1984ல எம்ஜிஆர் சிறு விவசாயிங்களுக்கு இலவசம்னாரு, 1990ல கருணாநிதி எல்லா விவசாயிங்களுக்கும் இலவசமாக்குனாரு. 2003ல ஜெயலலிதா அரசாங்கம் மறுபடி கட்டணம் போட்டுச்சு, சிறு விவசாயிக்கு மணியார்டர்ல பணம் அனுப்புறோம்னாங்க. எங்கப்பா அன்னிக்கு நிம்மதியா தூங்கல. 2004 மே மாசம் நாடாளுமன்றத் தேர்தல்ல அவங்க கட்சி தமிழ்நாட்டுல ஒரு தொகுதி கூட ஜெயிக்கல, ரிசல்ட் வந்த சூட்டோட சூடா இலவச மின்சாரம் திரும்ப வந்துடுச்சு!

கூடங்குளம் அணு உலையும் அப்படித்தான். 1988ல ராஜீவும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டது, 2011 செப்டம்பர்ல இடிந்தகரை மக்கள் பயம் தீர்ற வரைக்கும் வேலைய நிறுத்துங்கன்னு தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டுச்சு, 2012 மார்ச்ல சங்கரன்கோவில் இடைத்தேர்தல் ஓட்டுப்பதிவு முடிஞ்ச மறுநாளே உடனே திறக்கலாம்னு அதே அமைச்சரவை சொல்லுச்சு. அந்தச் சமயத்துல சேலத்துல கரண்ட் எப்படி இருந்துச்சுன்னு இருந்தவங்களுக்குத் தெரியும். சென்னைக்கு ரெண்டு மணி நேரம் வெட்டுன்னா நமக்கெல்லாம் பாதி நாளுக்கு மேல போயிடும், கொண்டலாம்பட்டி இளம்பிள்ளை ஜலகண்டாபுரம் பக்கம் தறிச்சத்தமே கேக்காது, தறி ஓட்டுறவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்தா எந்திரிச்சு ஓட்டுவாங்க. அணு உலை திறந்தா சரிதான்னு எங்க தெருவுல பேசுனாங்க, இடிந்தகரையில குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. ரெண்டு பக்கமும் ஜனங்கதான், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தது கூட இல்ல. அவங்க பயத்துக்கு ஒழுங்கா பதில் சொல்லிட்டுத் திறந்திருக்கணும், ஆயிரக்கணக்குல கேஸ் போட்டது அநியாயம்.

ஆனா பாருங்க, கரண்ட் விஷயத்துல தப்பா ஒண்ணு மாத்துனா அதைத் திருப்பி மாத்த வைக்க முடியுது. விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் இலவசம்னு 2006ல ஆரம்பிச்சது 2016ல 750, 2023ல 1000 ஆயிடுச்சு. விவசாய கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுத்துட்டு வருஷக்கணக்கா காத்திருந்த எங்கப்பாவோட ரெண்டாவது கெணத்துக்கு, 2021ல ஒரு லட்சம் புது இணைப்புன்னு அறிவிச்சாங்களே அப்பதான் கம்பம் நட்டாங்க. லேட்டுதான், இருந்தாலும் வந்துச்சு. ஏன்னா எங்க கையில ஓட்டு இருக்கு. சங்கம் இருக்கு, ரோட்டுல உக்காந்தா ஆர்டிஓ வந்து பேசுவாரு. முகாம்ல இருக்கிறவங்களுக்கு அது எதுவுமே கெடையாது. அவங்க விஷயத்துல கொள்கை மாறுறது முழுக்க டெல்லியும் கொழும்பும் அந்தந்த வருஷம் என்ன கணக்குப் போடுறாங்கங்கறதப் பொறுத்தது. 2012லயும் 2013லயும் ஐநா மனித உரிமை கவுன்சில்ல இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியா ஓட்டுப் போட்டுச்சு, 2014லயும் 2021லயும் ஓட்டுப் போடாம ஒதுங்கிடுச்சு. அம்பாந்தோட்டை துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்கு சீனக் கம்பெனிகிட்ட போன அப்புறம் கொழும்பக் கோவிச்சுக்க வைக்க டெல்லிக்கு மனசு வரல. நாட்டுக்குன்னு ஒரு பாதுகாப்புக் கணக்கு இருக்கும், அதை நான் மறுக்கல. அந்தக் கணக்குல இந்த ஜனங்க எங்க வராங்கன்னுதான் கேக்குறேன்.

தம்பியோட மனைவி ஊர் திருகோணமலை பக்கம் சம்பூர். 2006ல குண்டு வீச்சுல ஊரே காலி ஆச்சு, அவங்க குடும்பம் தனுஷ்கோடி வந்து எறங்குச்சு. ஆளுங்க வெளியேறின நிலத்த உயர் பாதுகாப்பு வளையம்னு அடைச்சாங்க. அப்புறம் பாத்தா அங்க 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டறதுக்குத் திட்டம், கட்டப் போறது யாருன்னா நம்ம மத்திய அரசு மின் கம்பெனி என்டிபிசியும் இலங்கை மின்சார சபையும். நம்ம நாட்டுல அகதியா இருக்கிற பொண்ணோட ஊர்ல நம்ம நாட்டுக் கம்பெனியோட திட்டம்! சனங்களும் சுற்றுச்சூழல்காரங்களும் எதிர்த்தாங்க, 2016ல அந்தத் திட்டத்தக் கைவிட்டாங்க. 2025 ஏப்ரல்ல பிரதமர் மோடி கொழும்பு போனப்ப அதே சம்பூர்ல 120 மெகாவாட் சோலார் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டுனாங்க. நிலக்கரியவிட சூரிய ஒளி எவ்வளவோ மேல், நான் சந்தோஷமாதான் வரவேற்கிறேன். ஆனா போர் ஒரு தடவ, நிலக்கரி ஒரு தடவ, சோலார் ஒரு தடவன்னு அந்த மண்ணுக்கு மூணு கொள்கை வந்து போச்சு, அந்தப் பொண்ணு இருபது வருஷமா நம்ம மாவட்டத்துல பத்துக்குப் பத்து ரூம்ல இருந்தாங்க. 2021ல முதலமைச்சர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய் ஒதுக்கி புது வீடு கட்டித் தரோம்னு அறிவிச்சாரே, அதுலதான் இப்ப ஒரு ஒழுங்கான வீடு கெடச்சிருக்கு. அப்பவே முகாமோட பேரையும் அகதிகள் முகாம்ங்கறதுல இருந்து மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க, பணக்கொடையும் ஏத்துனாங்க. மாநில அரசால முடிஞ்சது அதுதான், அதை மனசாரப் பாராட்டுறேன். குடியுரிமை டெல்லி கையில இருக்கு.

அந்தக் குடியுரிமைச் சட்டத்துலதான் தேதி தேதியா கோடு போட்டு வெச்சிருக்காங்க. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்திருந்தா அப்பா அம்மா யாரா இருந்தாலும் நீங்க இந்தியர். முகாம்ல 1986ல பொறந்த ஒரு பொண்ணுக்கு 2022ல ஹைகோர்ட் பாஸ்போர்ட் குடுக்கச் சொன்னது இந்த விதியாலதான், அவங்க 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அந்தத் தேதிக்கு அப்புறம் பொறந்தா அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர் 3ல இருந்து இன்னும் இறுக்கம், ஒருத்தர் இந்தியரா இருந்தாலும் இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது. மண்டபத்துல நம்ம அதிகாரிங்களே எறக்கி எழுதிக்கிட்டு நம்ம லாரியில ஏத்தி அனுப்புன ஆளுங்க, சட்டத்துக் கண்ணுக்கு சட்டவிரோதம். 2019 திருத்தத்துல பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் மூணு நாட்டுல இருந்து 2014 டிசம்பர் 31க்குள்ள வந்த ஆறு மதத்துச் சிறுபான்மையினருக்கு வழி விட்டாங்க, இலங்கை அதுல இல்ல. நான் மேல சொன்ன 2025 உத்தரவுலயும் அந்த மூணு நாட்டுக்காரங்களுக்கு 2024 டிசம்பர் வரைக்கும் சலுகை, இலங்கைத் தமிழருக்கு 2015 ஜனவரி 9 வரைக்கும்தான். 2022ல அங்க பொருளாதாரம் விழுந்து பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில நின்னு முடியாம கைக்குழந்தையோட தனுஷ்கோடி மணல் திட்டுல வந்து எறங்குனாங்களே, அவங்க இந்தக் கோட்டுக்கு வெளிய.

எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. கொள்கை மாறட்டும், ஆட்சி மாறுனா மாறும், உலகம் மாறுனா மாறும். மாத்துற அதே காகிதத்துல, பழைய கொள்கையால இங்க வந்து சேந்தவங்களுக்கு என்ன வழின்னும் எழுதுங்க. 1964 ஒப்பந்தத்துல இந்தியா ஏத்துக்கறேன்னு சொன்ன கணக்குல இன்னும் ஆள் பாக்கி இருக்காங்க, அவங்கள்ல பலரோட வம்சம் நம்ம முகாம்ல தான் இருக்கு. மலையக வம்சாவளி ஆளுங்களுக்கு அந்தப் பழைய ஒப்பந்தத்த வெச்சே முதல்ல குடுக்கலாம், அதுக்கப்புறம் இங்க பொறந்த புள்ளைங்களுக்கு. நம்ம மாவட்டத்து எம்பிங்க எல்லா கட்சிக்காரங்களும் இதை நாடாளுமன்றத்துல கேக்கணும், நீங்க யாராவது உங்க எம்பிய ஒரு விசேஷத்துல பாத்தீங்கன்னா ரோடு, ரயில்வே மேம்பாலம் கேக்குற மாதிரி இதையும் ஒரு வார்த்தை கேளுங்க.

தம்பியோட பொண்ணு சேலம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பொறந்தது, இப்ப ப்ளஸ் டூ, பயாலஜி குரூப். பேச்சு முழுக்க நம்ம சேலத்துப் பேச்சு, இலங்கைய மேப்புல தவிர பாத்ததில்ல. அப்ளிகேஷன்ல எந்த நாட்டுக் குடிமகள்ங்கற கட்டத்துல என்ன எழுதறதுன்னு அவ கேட்டதுக்கு, "டீச்சர்கிட்ட கேட்டுக்கோ"ன்னு அவர் சொல்லியிருக்கார். டீச்சர் எங்கிட்ட போன் பண்ணி கேட்டாங்க. வர்ற திங்கக்கிழமை நானும் அவரும் அந்த டீச்சரும் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போறோம், முகாம் பதிவு காகிதம், பர்த் சர்டிபிகேட், அந்தப் பாட்டி பத்திரமா வெச்சிருந்த தோட்டத்துக் காலத்துப் பழைய காகிதம் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சாச்சு.